ஆராதனையில் பாட்டு யாருடையது?

[காட்சி: விளக்கு வெளிச்சத்தில் ஒரு மேலறை]

கடைசி இராப்போஜனம் முடிந்ததும், இயேசுவும் சீஷர்களும் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிய பின்பு ஒலிவமலைக்குப் புறப்பட்டதாக மத்தேயு 26ஆம் அதிகாரம் ஒரே வசனத்தில் சொல்லிக் கடந்துவிடுகிறது. காட்டிக்கொடுக்கப்படுவதற்குச் சற்று முன்பு, பந்தியில் இருந்தவர்கள் சேர்ந்து பாடினார்கள். திருச்சபை இசையின் வரலாற்றை எங்கே தொடங்குவது என்று கேட்டால், நான் இந்த மேலறையைத்தான் காட்டுவேன். ஏனெனில் அங்கே பாடுகிறவர்கள் ஒரு பக்கம், கேட்கிறவர்கள் மறுபக்கம் என்ற பிரிவு இல்லை.

அந்தப் பிரிவு பிற்பாடு வந்தது. 4ஆம் நூற்றாண்டில் லவோதிக்கேயா நகரில் கூடிய ஆயர்களின் சங்கம், நியமிக்கப்பட்ட பாடகர்களைத் தவிர வேறு எவரும் ஆலயத்தில் பாடக்கூடாது என்று விதித்தது. ஆனால் அதே நூற்றாண்டில், 386ஆம் ஆண்டு, மிலான் நகரில் அரச குடும்பம் ஆலயத்தைக் கைப்பற்ற முயன்றபோது, உள்ளே இரவும் பகலும் காத்திருந்த மக்கள் சோர்ந்துவிடாதபடி ஆயர் அம்புரோசு அவர்களையே பாட வைத்தார். அந்நகரில் அப்பாடல்களைக் கேட்டுக் கண்ணீர் விட்ட அகுஸ்தீன் என்னும் திருச்சபை அறிஞர், பிற்காலத்தில் தம் வாழ்க்கை அறிக்கையில், பாடப்படும் பொருளைவிடப் பாட்டின் இனிமையே தம்மை அதிகமாக அசைக்கும் வேளைகளில் தாம் பாவம் செய்வதாக வருந்தி எழுதினார். இசை வேண்டாம் என்று அவர் முடிவு கட்டவில்லை. பயத்தோடேயே அதை ஏற்றுக்கொண்டார். ஆராதனைப் பாடல்களைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொருவரிடமும் அந்தப் பயம் கொஞ்சமாவது இருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

[காட்சி: பழைய அச்சுப் புத்தகங்களின் பக்கங்கள்]

1524இல், திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தரின் வழியில் வெளிவந்த முதல் லுத்தரன் பாட்டுப் புத்தகத்தில் எட்டுப் பாடல்கள் மட்டுமே இருந்தன. மக்கள் தங்கள் வீட்டு மொழியான ஜெர்மனில், தங்கள் வாயாலேயே பாடுவதற்கென அச்சிடப்பட்டது என்பதே அதன் சிறப்பு. ஜெனீவாவில் இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வின் இசைக்கருவிகளை விலக்கி, பெரும்பாலும் வேதாகமத்தின் சங்கீதங்களையே பாடச் செய்தார். 1562இல் 150 சங்கீதங்களும் பாடல் வடிவம் பெற்று முடிந்தன.

[காட்சி: தரங்கம்பாடிக் கடற்கரை]

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியதைத் தொடர்ந்து, இந்த லுத்தரன் மரபு தமிழுக்குள் வந்தது. பப்ரிசியுஸ் போன்ற மிஷனரிகள் ஜெர்மன் பாடல்களை மூல மெட்டுக்குப் பொருந்துமாறு மொழிபெயர்த்தார்கள். இன்றும் பாமாலையாகவும் ஞானப்பாட்டாகவும் நாம் பாடுகிறவற்றுள் அவை உண்டு. அவற்றின் பொருள் ஆழமானது. ஆயினும், ஓர் அசைக்கு ஒரு சுரம் என்று நடக்கும் மெட்டில் தமிழை அடக்கும்போது, சில இடங்களில் குறில் நீள்கிறது, நெடில் சுருங்குகிறது. சொல் காதுக்கு அந்நியமாகிவிடுகிறது.

இந்தக் குறைக்கு விடை கீர்த்தனையில் கிடைத்தது. 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, சிறுவயதிலேயே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சாவூருக்கு அழைத்துவரப்பட்ட வேதநாயகம் சாஸ்திரியார், கீர்த்தனை, குறவஞ்சி முதலிய வடிவங்களில் வேதப்பொருளைப் பாடினார். கீர்த்தனையின் அமைப்பைச் சற்று நின்று கவனியுங்கள். சரணத்தை வழிநடத்துகிறவர் பாடுகிறார். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் பல்லவி திரும்பி வருகிறது, அதைச் சபை எடுத்துக்கொள்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும், புத்தகம் வாங்க வசதியில்லாதவரும், இரண்டாம் முறை பல்லவி வரும்போதே பாடத் தொடங்கிவிடலாம். உபதேசம் சரணங்களில் விரிய, விசுவாச அறிக்கை பல்லவியாகச் சபையின் வாயில் தங்கிவிடுகிறது.

அடுத்த தலைமுறை மிஷனரிகள் சிலர் ஆலயத்தில் கீர்த்தனை பாடுவதைத் தடுத்தபோது, சாஸ்திரியார் எழுத்து மூலம் எதிர்த்தார். அதே எதிர்ப்பில், சபைக்குள் சாதி வேறுபாடு நீடிக்க வேண்டும் என்றும் அவர் வாதாடினார். அவருடைய பாடல்களை நேசிக்கிறவர்கள் இதை மறைக்கக் கூடாது. ஒரே பல்லவியை எல்லோரும் பாடும் சபையில், தனித்தனி இருக்கைக்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

1853இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து ஆராதனைக்கென அச்சிட்டார். ராகமும் தாளமும் தலைப்பில் குறிக்கப்பட்ட கீர்த்தனைப் புத்தகம் இப்படித்தான் ஆலய இருக்கைகளுக்கு வந்து சேர்ந்தது.

கத்தோலிக்கத் திருச்சபையில் பெரிய திருப்பம் 1963 டிசம்பர் 4 அன்று வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏடு, இலத்தீனில் பாடப்படும் பழைய கிரகோரியன் இசைக்கு முதலிடம் தந்தபடியே, மக்கள் மொழிக்கும் அந்தந்த நாட்டு இசை மரபுக்கும் வழி திறந்தது. தமிழ்த் திருப்பலியில் வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல் என ஒவ்வொன்றும் ஒரு செயலோடு இணைந்து செல்கிறது. அந்தச் செயல் முழுச் சபையினுடையது என்பதால் பாட்டும் அவ்வாறே.

[காட்சி: ஞாயிறு ஆராதனை, ஒலிபெருக்கிகள், கீபோர்டு, மைக் பிடித்த இளைஞர்கள்]

இன்று சபையின் வாயை மூட எந்தச் சங்கமும் விதி எழுத வேண்டியதில்லை. ஒலிபெருக்கியை வேண்டிய மட்டும் உயர்த்தினாலே போதும். பக்கத்து இருக்கையில் இருப்பவரின் குரல் கேட்காதபோது மனிதர் பாடுவதை நிறுத்திவிடுகிறார். சுதி எட்டாதபோதும் அப்படியே. பாடகர் குழுவில் இருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: வரும் ஞாயிற்றுக்கிழமை சுதியைச் சற்று இறக்குங்கள்; சரணத்தை நீங்கள் பாடுங்கள்; பல்லவி வரும்போது மைக்கை விட்டு ஓரடி விலகி, பின்வரிசையில் யார் பாடுகிறார்கள் என்று கேளுங்கள்.