அச்சம் பதியும் மூளையில் மைக்ரோகிளியா

நேயர்களுக்கு வணக்கம். அச்சத்தை மூளை எவ்வாறு கற்றுக்கொள்கிறது என்ற கேள்விக்கு நெடுங்காலம் நரம்புச் செல்களிடம் மட்டுமே விடை தேடப்பட்டது. மூளையின் நோய் எதிர்ப்புப் பணியைச் செய்யும் மைக்ரோகிளியா என்னும் சிறு செல்களுக்கும் இதில் பங்குண்டு என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது. ஆனால் அந்தப் பங்கை அவற்றின் மரபணுச் செயல்பாட்டிலிருந்து படித்தறிவது, தோன்றுவதைவிடக் கடினமானது.

ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ தெல் ரியோ ஒர்த்தேகா 1919ஆம் ஆண்டில் இச்செல்களைத் தனி வகையாக அடையாளம் கண்டார். தொற்றோ காயமோ நேரும்வரை இவை ஓய்ந்திருப்பதாகவே பின்னர் கருதப்பட்டது. உயிருள்ள எலியின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வுகள் 2005இல் வெளிவந்தபோது, இவற்றின் மெல்லிய கிளைகள் நலமான மூளையிலும் இடைவிடாமல் நீண்டும் சுருங்கியும் சுற்றுப்புறத்தைத் துழாவுவது தெரிந்தது.

அச்சக் கற்றலுக்கான சோதனை எளிது. ஓர் ஒலியைத் தொடர்ந்து எலியின் பாதத்தில் சிறு மின் அதிர்ச்சி தரப்படுகிறது; சில முறைக்குப் பின் ஒலி மட்டும் கேட்டாலே எலி உறைந்து நிற்கிறது. மைக்ரோகிளியாவிலிருந்து மட்டும் பி.டி.என்.எஃப். என்னும் வளர்ச்சிப் புரதத்தின் மரபணுவை நீக்கியபோது இக்கற்றல் குறைந்ததை 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 2020இல் வந்த இரு ஆய்வுகள் இன்னும் வியப்பானவை. நரம்புச் செல்கள் வெளியிடும் இன்டர்லூகின்-33 என்ற சமிக்ஞையை ஏற்று, நரம்பிணைப்புகளைச் சூழ்ந்த புரத வலையை மைக்ரோகிளியா அகற்றுகிறது என்றும், அச்சமிக்ஞை இல்லாவிடில் பழைய அச்ச நினைவின் துல்லியம் குறைகிறது என்றும் ஓர் ஆய்வு கூறியது. மற்றொன்றில், மைக்ரோகிளியாவைக் குறைத்த எலிகள் அச்சத்தை மறப்பது குறைந்தது. ஆக, நினைவு உருவாவதற்கும் மங்குவதற்கும் ஒரே செல்வகை தேவைப்படுகிறது.

இத்தனை வேலைகளை ஒரு செல் எப்போது, எந்த மரபணுக்களைக் கொண்டு செய்கிறது என்பதை அறிய, கற்றலுக்குப் பின் அதில் உள்ள ஆர்.என்.ஏ. நகல்களை, அதாவது செயல்படும் மரபணுவிலிருந்து எடுக்கப்படும் படிகளை, எண்ண வேண்டும். சிக்கல் இங்குதான். மூளைத் திசுவை நொதிகளால் கரைத்து, உடல் வெப்பநிலையில் வைத்துச் செல்களைப் பிரிக்கும்போது, அந்த நடைமுறையே மைக்ரோகிளியாவைக் கிளர்த்திவிடுகிறது. அவ்வாறு கிளர்த்தப்படும் மரபணுக்களில் ஃபாஸ், ஜுன் ஆகியவையும் அடங்கும். கற்றலின் முதல் அடையாளமாக நரம்புச் செல்களில் தேடப்படுபவையும் இவையே! எனவே, கற்றபோது எழுந்த மாற்றம் எது, கண்ணாடிக் குழாயில் எழுந்தது எது என்று பிரிக்காத மரபணுப் பட்டியலை நான் ஏற்கத் தயங்குவேன். தொடக்கம் முதலே திசுவைக் குளிர்நிலையில் வைத்தாலோ, நகலெடுப்பை நிறுத்தும் மருந்துகளைச் சேர்த்தாலோ இக்குறை பெரிதும் நீங்கும்.

ஒப்பீட்டு எலிகளின் தேர்வும் அதே அளவு முக்கியமானது. மின் அதிர்ச்சி, கற்றலைத் தூண்டுவதோடு மன அழுத்தத்தையும் தருகிறது. அழுத்தமோ தன்னளவிலேயே மைக்ரோகிளியாவை மாற்றவல்லது. கூண்டைவிட்டு வெளியே எடுக்காத எலியோடு மட்டும் ஒப்பிட்டால் இவ்விரண்டும் கலந்துவிடும். சோதனைப் பெட்டியில் வைத்த அந்தக் கணமே அதிர்ச்சி பெற்ற எலி, அந்த இடத்தை அச்சத்தோடு இணைத்துக்கொள்வதில்லை என்பது நெடுநாளாக அறியப்பட்ட உண்மை. அத்தகைய எலி ஒன்று ஒப்பீட்டில் இருந்தால், அதிர்ச்சியின் விளைவைக் கழித்து நினைவின் விளைவைக் காணலாம்.

மனிதரிடம் இத்தகைய ஆய்வு மேலும் அரிது. அறுவை சிகிச்சையில் எடுக்கப்படும் திசுவோ இறந்தோரின் மூளையோதான் கிடைக்கும். உறைந்த திசுவில் முழுச் செல்லைப் பிரிக்க இயலாமல் உட்கருவை மட்டும் எடுத்துப் படிக்கிறார்கள். மனித மைக்ரோகிளியாவின் கிளர்ச்சியோடு தொடர்புடைய சில மரபணுக்கள், நாம் தேடுபவையே, அந்த முறையில் குறைவாகவே பதிவாகின்றன.