சுவர் எழுப்பியவர் பெயர் என்ன?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வேலை நெருக்கடியிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆணையர் அவர்களே, வரவேற்புரையிலேயே என் பேச்சில் பாதியைப் பேசிவிட்ட செயலாளர் அவர்களே, ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டும் தம்பி உள்ளிட்ட அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி.

இத்தாலியக் கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பாவைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: சுவர், வெளிச்சம், கை.

சுவர் இருந்தால்தான் சித்திரம். இரண்டாம் உலகப் போர் முடிந்த இத்தாலியில் சித்திரம் மிச்சமிருந்தது. பல ஊர்களில் சுவர்தான் இடிந்து கிடந்தது. குண்டுவீச்சில் சிதைந்திருந்த பலேர்மோவின் அபாத்தெல்லிஸ் அரண்மனைக்குள் 1954இல் ஸ்கார்ப்பா காட்சியகம் அமைத்தார். ஒவ்வொரு சிலைக்கும் தனிப் பீடம். சிலவற்றுக்குப் பின்னால் அதற்கென்றே வண்ணப் பலகை. வெரோனாவின் காஸ்தெல்வெக்கியோ கோட்டையில் ஓவியங்களைச் சுவரிலிருந்து இறக்கித் தாங்கிகளில் நிறுத்தினார். அங்கே புதிய தரை பழைய சுவரை ஒட்டாது, விலகி நிற்கும். வெரோனாவை ஆண்ட கான்கிராந்தேயின் 14ஆம் நூற்றாண்டுக் குதிரைச் சிலையை வெளியே, உயரத்தில், கான்கிரீட் மேடையில் ஏற்றினார். கீழே நின்று அண்ணாந்தும் பார்க்கலாம், மேலே போய்ப் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். அவர் ஒருவரே செய்த புரட்சி என்று சொல்ல மாட்டேன். ஜெனோவாவில் இன்னொரு கட்டடக் கலைஞர் பிராங்கோ அல்பினியும் அதே காலத்தில் இதே வழியில்தான் போனார்.

இனி ஒரு கதை. இந்த ஸ்கார்ப்பாவிடம் கட்டடக் கலைஞருக்கான உரிமம் கிடையாது! நுண்கலைக் கழகத்தில் படித்தவர். உரிமத் தேர்வு எழுத மறுத்துவிட்டார். வெனிஸ் கட்டடக் கலைக் கல்லூரியில் பாடம் நடத்தலாம், வருங்காலக் கலைஞர்களுக்கு மதிப்பெண் போடலாம். தன் வரைபடத்தில் தானே கையெழுத்துப் போட முடியாது. (சிரிப்பு) சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது. உரிமமில்லாமல் தொழில் செய்கிறார் என்று கட்டடக் கலைஞர் சங்கமே அவர்மேல் வழக்குப் போட்டது. பிறகு அதே கல்லூரிக்கு 1972இல் இயக்குநரானார்! 1978இல் ஜப்பானில் காலமானார். கௌரவப் பட்டம் எப்போது வந்தது தெரியுமா? அதற்கப்புறம். (கைதட்டல்)

தாளில் கோடு போட்டவருக்கே அந்தக் கதி என்றால், அந்தக் கோடுகளை இரும்பாகவும் மரமாகவும் ஆக்கியவர்கள்? இரும்புக்கு ஸானோன் பட்டறை, மரத்துக்குக் கபோவில்லா பட்டறை, பளபளக்கும் சுண்ணப்பூச்சுக்கு டி லூயிஜி. வேலை நடக்கும்போதே அவர்களோடு பேசி, வரைந்ததை மாற்றி மாற்றி வரைந்தவர் ஸ்கார்ப்பா. அந்தப் பெயர்கள் இன்றும் அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்கிறோமே, நம் திறப்பு விழாக் கல்வெட்டுகளில் சுவர் எழுப்பியவர் பெயர் எங்கே? ரிப்பன் வெட்டியவர் பெயர் இருக்கிறது, முன்னிலை வகித்தவர் பெயர் இருக்கிறது. ஆணையர் கோபிக்கக் கூடாது. தங்கள் பெயருக்குக் கீழே நாலு வரி இடம் கேட்கிறேன். கொத்தனார், தச்சர், கொல்லர், வண்ணம் பூசியவர்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். வெளிச்சம் அப்படியே நிற்கிறது. பொசாக்னோ ஊரில் சிற்பி கனோவாவின் வெள்ளைச் சுண்ணச் சிலைகளை வெள்ளைச் சுவர் முன்னே நிறுத்திய துணிச்சலை அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன். அந்த நாலு வரிக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீருக்குப் போங்கள். நன்றி, வணக்கம்.