வரியே பெயரான கவிஞர்கள்

நண்பர்களே, வணக்கம்.

பாடியவர் பெயர் தொலைந்துபோய், பாடிய வரி மட்டும் தங்கிவிட்டால் என்ன செய்வது? சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் வந்தது. அந்த வரியையே எடுத்துப் பெயராக வைத்துவிட்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு அது. செம்புலப் பெயனீரார், ஓரேருழவர், கல்பொரு சிறுநுரையார் என்று குறுந்தொகையில் இப்படிப் பலர் உண்டு. இவர்கள் எந்த ஊர், யார் பிள்ளை, ஒன்றும் தெரியாது. உவமை தெரியும்.

செம்மண்ணில் பெய்த மழை உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். அந்தச் சிறுநுரையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். 290ஆம் பாட்டு. 'காமத்தைத் தாங்கிக்கொள்' என்று புத்தி சொல்கிறவர்களுக்கு ஒரு பெண் பதில் சொல்கிறாள். காதலரைக் காணாவிட்டால் நான், 'பெருநீர்க் கல்பொரு சிறுநுரை போல மெல்ல மெல்ல இல்லாகுதுமே' என்கிறாள். வெள்ளத்தில் வரும் நுரை பாறையில் மோதி, கொஞ்சம் கரைந்து, மறுபடி மோதி, மறுபடி கரைகிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மெல்ல, மெல்ல, இல்லா... மூன்று இடத்தில் 'ல்ல' வந்து நாக்கைப் பிடித்து நிறுத்துகிறது. செத்துப்போவேன் என்று அவள் சொல்லவில்லை. இல்லாமல் போவேன் என்கிறாள்.

என் அம்மா போன பிறகு எத்தனையோ பேர் வந்து ஆறுதல் சொன்னார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான், ஆனால் ஒன்றும் நினைவில் இல்லை. இந்த இரண்டு அடிதான் மாதக்கணக்கில் கூடவே இருந்தது. காதல் பாட்டாயிற்றே, தாய்க்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். எனக்குப் பொருந்தியது.

அப்புறம், ஒரு மனக்குறை. 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். புறநானூற்று 192ஆம் பாட்டு அது. மொத்தம் 13 அடி. நாம் முதலடியிலேயே நின்றுவிடுகிறோம். உள்ளே போனால் மின்னல், மழை, கல்லில் மோதி இரைகிற பேராறு. நுரை மோதிய அதே கல்தான் இங்கேயும்! அந்த ஆற்றில் நீர் இழுத்த இழுப்புக்குப் போகிறது ஒரு தெப்பம். உயிர் அப்படித்தான் போகிறது என்று கண்டுகொண்டதால், பெரியோரை வியக்கவும் மாட்டோம், 'சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே' என்று முடிக்கிறார் கணியன் பூங்குன்றனார். 'யாவரும் கேளிர்' என்பதற்குக் காரணம் அந்த ஆற்றில் இருக்கிறது. எல்லோரும் ஒரே வெள்ளத்தில் போகிறவர்கள்.

சரி, 13 அடியையும் இப்போது வாசிக்கிறேன். தெப்பம் வரும்போது கவனியுங்கள்.