போர்க்காலத்தில் குடியுரிமை: குடிவந்தவர் பக்கத்திலிருந்து
(நாகர்கோவிலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

போர் மூண்டால் எல்லையில் நடப்பதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். அதே நாளில் நாட்டுக்குள்ளே சட்டம் எப்படி மாறுகிறது என்பதை முதலில் உணர்பவர் வேறு மண்ணிலிருந்து குடிவந்தவர். பழவிளை, பெருமாள்புரம், கோழிவிளை, ஞாறான்விளை ஆகிய இலங்கைத் தமிழர் முகாம்களும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் பால்வெட்டும் அரசு ரப்பர் தோட்டங்களும் இருக்கிற மாவட்டம் இது. நமக்கு இது ஏட்டுச் சங்கதி அல்ல.

1962 சீனப் போர் அக்டோபர் 20இல் தொடங்கி நவம்பர் 21இல் நின்றது. ஒரே மாதம். அதற்காக அறிவித்த நெருக்கடிநிலையோ 1968 ஜனவரி வரை நீடித்தது. சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேரை ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். இங்கேயே பிறந்தவர்களும் அதில் உண்டு. சிலர் வெளியே வர நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. என்ன செய்தாய் என்று கேட்கவில்லை, யாருக்குப் பிறந்தாய் என்று கேட்டார்கள். ஜனநாயகம் போரில் வழுக்கி விழுவது இந்தக் கேள்வியில்தான் என்பது என் கருத்து.

அரசியல் சாசனம் 358ஆம் பிரிவின்படி, போரை முன்னிட்டு நெருக்கடிநிலை வந்தால் பேச்சு, கூட்டம் முதலிய 19ஆம் பிரிவு உரிமைகள் அரசைக் கட்டுப்படுத்தா. மற்ற உரிமைகளுக்காக நீதிமன்றம் போவதையும் 359ஆம் பிரிவின்கீழ் நிறுத்தலாம். 1978இல் வந்த 44ஆம் திருத்தத்துக்குப் பிறகு 20, 21 இரண்டில் மட்டும் கைவைக்க முடியாது. 21, அதாவது உயிருக்கும் உடல் விடுதலைக்குமான உரிமை, முகாமில் இருப்பவருக்கும் சொந்தம்.

பதிவு செய்தோ விண்ணப்பித்தோ குடியுரிமை பெற்றவர்கள் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவைப் படித்து வைத்திருக்க வேண்டும். போர்க்காலத்தில் எதிரியோடு சட்டவிரோதமாக வாணிபம் செய்தால், பதிவு செய்தவர்களில் ஒரு வகையினர் தவிர மற்றவர்களுடைய குடியுரிமையைப் பறிக்கலாம். பிறப்பால் குடிமகனானவருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஒரே குற்றத்துக்கு இரண்டு தராசு, எனக்கு இது உடன்பாடில்லை. ஆனாலும் அதே பிரிவில் ஒரு கவசம் இருக்கிறது: எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும், கேட்டால் விசாரணைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும், குறைந்தது பத்தாண்டு நீதிப் பதவி வகித்தவர் அதற்குத் தலைவர். நோட்டீஸைப் பெட்டியில் பூட்டிவைத்துக் கெடுவை விட்டுவிடுபவருக்கு அந்தக் கவசம் உதவாது.

அடுத்தது இலங்கைப் போரிலிருந்து தப்பிப் படகில் வந்தவர்கள். குண்டு விழும்போது பாஸ்போர்ட் ஆபீஸில் வரிசை நிற்க முடியுமா? ஆனால் பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்கிறது அதே சட்டம். அந்த முத்திரை விழுந்தால் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் விண்ணப்பிக்க வழியில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு 2025இல் தண்டனையிலிருந்து விலக்கு கிடைத்தது. அது குடியுரிமை ஆகாது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி கப்பலில் வந்த மலையகத்தார், அதாவது இலங்கைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர், இங்கே ரப்பர் தோட்டத்தில் குடிமக்கள். அதே வம்சத்தில் 1983க்குப் பின் படகேறியவர் முகாமில் அயலார்.

பிள்ளைகளின் நிலை பிறந்த தேதியைப் பொறுத்தது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் பெரும்பாலும் குடிமகன்தான். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை என்றால் தாய் தந்தையில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். அதன் பிறகு பிறந்தவருக்கு, ஒருவர் இந்தியராக இருந்தும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்றால் கிடையாது. முகாமிலிருந்து ஊர்ப் பையனைக் கட்டிய குடும்பங்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, ஆதார் எடுத்து, பாஸ்போர்ட்டுக்குப் போகும்போதுதான் தெரியவருகிறது. ஆதார் வசிப்பிடத்துக்கான அடையாளம், அவ்வளவுதான்.

மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் தரும்படி 2022இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024இல் அவர் திருச்சி தொகுதியில் வாக்களித்தார். வழக்கைத் தூக்கி நிறுத்தியது பிறப்புச் சான்றிதழ். ஆகவே 1987 ஜூலைக்கு முன் முகாமில் பிறந்தவர்கள் முதலில் அதை எடுங்கள். பெயரின் எழுத்தும் தந்தை பெயரும் முகாம் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் திருத்திய பிறகே விண்ணப்பம் போடுங்கள்.

குடியுரிமை இன்னும் இல்லாதவர்களே, வாக்காளர் அட்டை வாங்கித் தருகிறேன் என்று இடைத்தரகர் வந்தால், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6இல் கையெழுத்துப் போடாதீர்கள். 'நான் இந்தியக் குடிமகன்' என்ற உறுதிமொழி அதில் இருக்கிறது. அது பொய்யென்று தெரிந்தால் ஓராண்டு வரை சிறை. பின்னாளில் முறையாகக் குடியுரிமை கேட்கும்போதும் அந்தக் கையெழுத்தைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள்.