அழிப்பதற்குத்தான் விலை

அனைவருக்கும் வணக்கம். 2020இல் சிங்கப்பூரின் மொத்த மின்சாரத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடு, கணினிகள் நிறைந்த தரவு நிலையங்களுக்கே போனது. அந்த மின்சாரம் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. கணக்குப் போட இவ்வளவு சூடு தேவையா?

1961இல் ஐபிஎம் நிறுவனத்தின் ரோல்ஃப் லாண்டவர் சொன்ன பதில் எனக்கு இன்றும் வியப்புதான்: தகவலை அழிப்பதற்குத்தான் விலை. இரண்டு எண்களைக் கூட்டி 5 என்று மட்டும் வைத்துக்கொண்டால், அவை 2உம் 3உமா, 4உம் 1உமா என்று பிறகு சொல்ல முடியாது. தொலைந்த அந்தத் தகவல் சும்மா மறைவதில்லை. சுற்றியுள்ள அணுக்களின் அசைவாக, வெப்பமாகப் போய்ச் சேர்கிறது. 27 டிகிரியில் ஒரு பிட்டை, அதாவது தகவலின் மிகச் சிறிய அலகை, அழிக்க எவ்வளவு ஆகும்? ஒரு ஜூல் ஆற்றலைக் கோடி கோடி கோடிப் பங்காக்கினால், அதில் குறைந்தது ஏறத்தாழ 3 பங்கு. 2012இல் பிரான்சின் லியோனில், லேசர் ஒளியில் சிக்கவைத்த ஒரு நுண்மணியைக் கொண்டு இதை அளந்தே காட்டினார்கள்.

இன்றைய கணினிச் சில்லுகள் இதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் செலவழிக்கின்றன. சரி, இந்தக் குறைந்தபட்ச எல்லை வெப்பநிலையோடு சேர்ந்து குறைவதுதானே, சில்லை உறையவைத்தால் என்ன? இங்கேதான் நம் தீவு கணக்குக்குள் வருகிறது. உள்ளே மிச்சமாவதை, வெப்பத்தை வெளியே தள்ளும் குளிர்சாதனம் வாங்கிக்கொள்ளும். எவ்வளவு சிறந்த இயந்திரமானாலும், கடைசி எல்லையை முடிவு செய்வது வெளிக்காற்றுதான். வெப்பநிலையை இங்கே மைனஸ் 273 டிகிரியிலிருந்து எண்ண வேண்டும் என்பதால், 30 டிகிரிச் சிங்கப்பூரில் அந்த எல்லை, பூஜ்ஜிய டிகிரி ஊரைவிட ஏறத்தாழ 11 விழுக்காடு அதிகம்.

2023இல் வந்த வெப்பமண்டலத் தரவு நிலையத் தரநிலை, உள்ளே 26 டிகிரிக்கும் மேல் வைத்து இயக்கலாம் என்கிறது. வெப்பத்தைத் தள்ளும் வேலை குறையும். நல்ல முடிவு. ஆனால் அது பிறந்த சூட்டை வெளியேற்றும் வழிதான். சூடே பிறக்காமல் செய்ய முடியுமா என்ற கேள்வியில்தான் என் மனம் நிற்கிறது.

முடியும் என்று 1973இல் அதே ஐபிஎம்மின் சார்லஸ் பென்னட் காட்டினார். இடைவிடைகளை அழிக்காமல் வைத்திருந்து, முடிவை நகலெடுத்து, வந்த வழியே பின்னோக்கிக் கணக்கிட்டால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். கொள்கையளவில் செலவுக்குக் கீழெல்லையே இல்லை. ஆனால் கூடுதல் நினைவகம் வேண்டும், மெதுவாக ஓட வேண்டும். அவசரப்பட்டால் உராய்வு வந்துவிடும். இங்கே மின்னியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறீர்கள். எவ்வளவு மெதுவாக ஓடினால் போதும் என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அது இன்னும் தீரவில்லை.