காசாவை நெரிப்பது பிள்ளைப்பேறா, அடைத்த கதவா?

நடுவர் ஐயா அவர்களே, இந்தப் பனியிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் கம்பத்துத் தாய்மார்களே, பெரியவர்களே, வணக்கம். காசா மக்கள் படும் பாட்டுக்குப் பெரிய காரணம் மக்கள்தொகைப் பெருக்கமா, அடைக்கப்பட்ட எல்லையா என்பது இன்றைய தலைப்பு. நான் எல்லைதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், வீட்டுக்கு ஏழு பிள்ளை பெற்றால் யார் வந்தாலும் சோறு போட முடியாது, கேரளாவைப் பாருங்கள், சின்னக் குடும்பம், நல்ல வாழ்க்கை என்று சொல்லி உட்கார்ந்தார்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. காசாவின் நீளம் 41 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய தேனியிலிருந்து நம் கம்பம் வரைக்கும். அகலம் சில இடத்தில் 6, சில இடத்தில் 12 கிலோமீட்டர். நம் தேனி மாவட்டம் முழுவதுக்கும் 2011 கணக்கெடுப்பில் 12 லட்சத்து 45 ஆயிரம் பேர். அந்தச் சின்னத் துண்டு நிலத்தில் போருக்கு முன்பே 20 லட்சத்துக்கு மேல். 2007இல் 14 லட்சமாக இருந்தவர்கள் 2017இல் 19 லட்சம் ஆனார்கள். அதில் ஏறக்குறைய பாதிப் பேர் 18 வயதுகூட ஆகாத பிள்ளைகள். பள்ளிக்கூடங்கள் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று ஷிப்ட் போட்டு நடந்தன. நிலத்தடி நீரில் மழை ஊட்டுவதைப்போல மூன்று மடங்கு இறைத்தார்கள், கடல் உள்ளே வந்துவிட்டது, கிணற்றுத் தண்ணீரில் 95 விழுக்காட்டுக்கு மேல் குடிக்க லாயக்கில்லை. சரி, இது பாரம்தான். நான் கேட்பது, அந்தப் பாரத்தை இறக்கி வைக்க வழி இருந்ததா என்பதுதான்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் அம்மா ஏலத்தோட்டக் கூலி. விடியக்காலை நாலரைக்குத் தூக்குவாளியோடு போய் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, கம்பம்மெட்டு ஏறி, இடுக்கிப் பக்கம் காய் எடுத்துவிட்டு இருட்டிய பிறகு திரும்புவார். இங்கே உட்கார்ந்திருக்கும் எத்தனையோ அக்காமார்கள் நாளைக் காலையிலும் அதே ஜீப்பில்தான் போகப் போகிறீர்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை வெடித்துக் குமுளிப் பாதை அடைபட்டது உங்களுக்கு நினைவிருக்கும். மலைப்பாதையில் நடந்தே இறங்கி வந்த நம் சனங்களையும் பார்த்தோம், காய்கறி ஏற்றிய லாரிகள் அப்படியே நின்றதையும் பார்த்தோம். எங்கள் வீட்டில் ஆறு பேர். நவம்பரிலும் ஆறு பேர், டிசம்பரிலும் ஆறு பேர். நவம்பரில் மூன்று வேளை அடுப்பு எரிந்தது, டிசம்பரில் அம்மா ரேஷன் அரிசியைக் கஞ்சியாக்கி எங்களுக்கு ஊற்றிவிட்டுத் தனக்குப் பசியில்லை என்றார். இடையில் எங்கள் வீட்டில் ஒரு குழந்தையும் பிறக்கவில்லை ஐயா. செக்போஸ்ட் மட்டும்தான் மூடியது. 2020இல் ஊரடங்கு வந்தபோதும் இதே கதைதான். நமக்கு அது வாரக்கணக்கு, மாதக்கணக்கு. பிறகு திறந்துவிட்டார்கள். நம் மேல் குண்டு விழவில்லை. அதனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன், ஆனால் கதவு அடைபட்டால் சட்டியில் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொள்ள நமக்கு அந்த டிசம்பர் போதும்.

காசாவிலும் ஒரு காலத்தில் ஆட்கள் விடியுமுன்னே எழுந்து எல்லை தாண்டி இஸ்ரேலுக்குக் கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போனார்கள். 1980களின் கடைசியில் அங்கே வேலை செய்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்படிப் போனவர்கள். 1991இலிருந்து அனுமதிச் சீட்டு, 1993இலிருந்து அடிக்கடி அடைப்பு, 2000க்குப் பிறகு பெரும்பாலும் பூட்டு. 2007இல் ஹமாஸ் என்ற பாலஸ்தீன ஆயுத இயக்கம் காசாவில் ஆட்சியைப் பிடித்ததும் இஸ்ரேல் முழு முற்றுகை போட்டது, தெற்கே எகிப்து பக்கத்து ரஃபா வாசலும் மூடியபடியேதான் பெரும்பாலும் கிடந்தது. கடலிலாவது மீன் பிடிக்கலாம் என்றால் இஸ்ரேல்-பாலஸ்தீன ஒப்பந்தப்படி 20 கடல் மைல், கொடுத்தது பல காலம் மூன்றும் ஆறும்.

இப்போது அண்ணன் சொன்ன ஏழு பிள்ளைக் கணக்குக்கு வருகிறேன். 1990களில் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி ஏழு பிள்ளை என்பது சரிதான். ஆனால் அது இருபது வருடத்தில் நாலுக்குக் கீழே இறங்கிவிட்டது என்பதை அவர் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் படித்தார்கள், பிள்ளைப்பேற்றைக் குறைத்துக்கொண்டார்கள். கேரளாவில் நடந்ததும் அதுதானே! சரி, பிள்ளைப்பேறு ஏறக்குறைய பாதியானதே, துன்பமும் பாதியாகியிருக்க வேண்டாமா? 1999இல் வேலையில்லாதவர்கள் 20 விழுக்காட்டுக்குள் இருந்தார்கள். 2022இல் 45 விழுக்காடு. பிள்ளை குறையக் குறைய வேலையின்மை ஏறியிருக்கிறது. இதற்கு எதிரணியில் ஒருவராவது விளக்கம் சொல்ல வேண்டும்.

கேரளாவைக் காட்டினார். அந்தக் கேரளாவில் 2011 கணக்கெடுப்பில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 860 பேர், நம் தமிழ்நாட்டில் 555. நம்மைவிட நெருக்கமான நாடு. அங்கே எப்படி நெருக்கவில்லை? 1970களிலிருந்து லட்சம் லட்சமாக வளைகுடாவுக்கு விமானம் ஏறினார்கள், பணம் வீட்டுக்கு வந்தது. அவர்களுக்குக் கதவு திறந்திருந்தது. சிங்கப்பூரில் காசாவைவிட நெருக்கம் அதிகம். அங்கே குடிக்கும் தண்ணீரில் ஒரு பெரும் பங்கு மலேசியாவின் ஜோகூரிலிருந்து குழாயில் வருகிறது, சோறும் வெளியிலிருந்துதான். அவ்வளவு தூரம் போவானேன், 1895இலிருந்து இந்தப் பள்ளத்தாக்கு குடிப்பதும் நெல் விளைவிப்பதும் மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீரில்தான். அது வராவிட்டால் நாம் இத்தனை பேர் இங்கே இருக்க முடியுமா? காசாவில் கடல்நீரைக் குடிநீராக்க நிலையம் வேண்டும், அதற்கு பம்ப், குழாய், சிமெண்ட், கரண்ட் வேண்டும். ராணுவத்துக்கும் பயன்படும் என்று பட்டியல் போட்டு இஸ்ரேல் பலதை நிறுத்தியது. கரண்ட் பல வருடம் நாளுக்குச் சில மணி நேரம்தான்.

இன்னொன்று. அந்தக் கூட்டம் பிரசவ அறையில் ஆரம்பிக்கவில்லை. 1948இல் அங்கே உள்ளூர் சனம் ஏறக்குறைய 80 ஆயிரம். இஸ்ரேல் உருவானபோது நடந்த சண்டையில் ஊரைவிட்டு வந்து சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 2 லட்சம். ஜபாலியா, நுசைராத் என்று எட்டு முகாம்கள். இன்றைக்கும் அங்கே இருப்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் அந்த அகதிகளும் அவர்கள் பிள்ளைகளும்தான்.

பாதுகாப்புக்காக அடைத்தார்கள் என்று எதிரணித் தங்கை எழுந்து சொல்லக்கூடும். 2023 அக்டோபர் 7இல் ஹமாஸ் ஏறக்குறைய 1,200 பேரைக் கொன்றது, 251 பேரைப் பிணையாகப் பிடித்துப் போனது. அது கொடுமை, அதற்கு நான் சப்பைக்கட்டு கட்ட வரவில்லை. ஆனால் அதற்குமுன் வேலை அனுமதி வாங்கியிருந்த ஏறக்குறைய 18 ஆயிரம் கூலிக்காரர்களும் அன்றோடு வேலை இழந்தார்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து பட்டினி. குற்றம் செய்தவனைப் பிடிப்பது வேறு, 20 லட்சம் பேரின் அடுப்பை அணைப்பது வேறு.

நடுவர் ஐயா மணியைத் தொடுகிறார், ஒரே ஒரு கணக்கோடு முடிக்கிறேன். 2024 கடைசியில் பாலஸ்தீனப் புள்ளியியல் துறை காசாவின் மக்கள்தொகை 6 விழுக்காடு குறைந்துவிட்டது என்று சொன்னது. செத்தவர்கள் ஒரு பக்கம், வெளியேறிய ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் ஒரு பக்கம். அதற்கு எட்டு மாதம் கழித்து, 2025 ஆகஸ்ட் 22இல், காசா நகரப் பகுதியில் பஞ்சம் வந்துவிட்டதாக ஐ.நா. அமைப்புகள் சேர்ந்த உணவுப் பாதுகாப்புக் குழு உறுதி செய்தது. ஆள் குறைந்த பிறகு பஞ்சம் வந்திருக்கிறது. சோற்று மூட்டை ஏற்றிய லாரிகள் வாசலுக்கு வெளியே வரிசையில் நின்றன.

எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் அந்த லாரிகளைப் பற்றி முதலில் பேசட்டும், பிள்ளைகளை எண்ணுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.