ஆள் தெரிந்து பிடிக்கும் இரும்புத்துகள்

வணக்கம் நேயர்களே.

கொக்கிளாய்க் கரையிலோ அதற்குத் தெற்கே புல்மோட்டையிலோ மணலை அள்ளிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கறுப்பு மணல் தெரிந்திருக்கும். இல்மனைட் அது. புல்மோட்டைத் தொழிற்சாலையில் அதை மற்ற மணலிலிருந்து பிரிக்கக் காந்தத்தைப் பயன்படுத்துகிறார்கள். இழுபடுவது ஒரு பக்கம் போகும், இழுபடாதது மறுபக்கம் விழும்.

நான் பேச வந்த விடயத்திலும் காந்தத்தால் பிரிப்பதுதான் வேலை. ஆனால் பிரிக்க வேண்டிய பொருள் காந்தத்துக்கு மசியாது. கிணற்றுத் தண்ணீரிலுள்ள புளோரைட் இழுபடாது, இரத்தத்திலுள்ள எலிக்காய்ச்சல் கிருமியும் இழுபடாது. ஆகவே இழுபடும் ஒன்றை அதோடு கோத்துவிட வேண்டும். அந்த ஒன்றுதான் காந்த நனோத்துகள்.

பெரும்பாலும் இது மக்னடைட் என்கிற இரும்பு ஒட்சைட். இரண்டு விதமான இரும்பு உப்புகளை ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் கரைத்து அமோனியா விட்டால் கரைசல் கண்முன்னே கறுத்துப் போகும். அந்தக் கறுப்புத்தான் துகள். ஒன்றின் பருமன் பத்துப் பதினைந்து நனோமீற்றர். மில்லிமீற்றர் ஒன்றில் பத்து இலட்சம் நனோமீற்றர் என்று கணக்குப் பாருங்கள். பத்து நனோமீற்றர் துகளில் ஒரு கிராம் எடுத்தால் அதன் மொத்த மேற்பரப்பு 100 சதுரமீற்றருக்குக் குறையாது. இவ்வளவு சிறிய துகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை இழுபடும். எடுத்துவிட்டால் காந்தத்தன்மை போய்விடும், மறுபடி நீரில் பரவும். சாதாரண இரும்புத்தூள் என்றால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும்.

ஆனால் வெறும் துகளுக்கு ஆள் தெரியாது. ஆளைத் தெரிந்து பிடிப்பது அதன் மேல்பூச்சு. முதலில் சிலிக்காவால் மூடி, அதன்மேல் வேண்டிய இரசாயனக் கூட்டங்களைப் பொருத்துவார்கள். ஒரு கிருமியைப் பிடிக்க அதற்குரிய பிறபொருளெதிரியை, அதாவது கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதத்தை, கட்டுவார்கள். புளோரைட்டுக்குச் சிர்க்கோனியம் ஒட்சைட்டைப் பூசுவார்கள். சிர்க்கோனியத்துக்குப் புளோரைட்டில் அப்படியொரு நாட்டம்.

கொரோனாக் காலத்தில் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்த பல ஆய்வுகூடங்களில் இந்த வேலைதான் நடந்தது. அங்கே மரபணுவைப் பிடிக்கும் சிலிக்கா பூசிய காந்தத் துகள் அளவில் கொஞ்சம் பெரிது. குழாயில் பழுப்பாகக் கலங்கியிருக்கும் நீரைக் காந்தத் தாங்கியில் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் பழுப்பு முழுதும் ஒரு பக்கச் சுவரில் பொட்டுப்போல ஒதுங்கும், நீர் தெளிந்துவிடும். பொட்டைத் தொடாமல் நீரை உறிஞ்சி, எதனோலால் கழுவி, உலர விட வேண்டும். கூடுதலாக உலர்ந்தால் பொட்டு வெடித்துப் பாளம் விடும், பிடித்து வைத்த மரபணு முழுதாகக் கழன்று வராது. கை பழகிய தொழில்நுட்பவியலாளருக்கு அந்தப் பதம் தெரியும்.

வயலில் இறங்குகிற எங்கள் ஆட்களுக்கு இது தூரத்து விடயமில்லை. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் பரவிய காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது நினைவிருக்கும். அந்தக் கிருமி இரத்தத்தில் இருப்பது முதல் வாரத்தில். உடலில் பிறபொருளெதிரி தெரியவர ஐந்தாறு நாளாவது ஆகும். அதனால் தொடக்க நாட்களில் கிருமியின் மரபணுவைத் தேடுவதே வழி. இரத்தத்தில் அது கொஞ்சமாகத்தான் இருக்கும். துகள் அதை ஒரு துளிக்குள் திரட்டித் தருகிறது.

தண்ணீர் விடயத்தில் நான் அவ்வளவு உற்சாகப்பட மாட்டேன். புளோரைட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். வவுனியாப் பக்கம் அதைத் தாண்டும் கிணறுகள் உண்டு; பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையாக அது தெரியும். சிறுநீரக நோய்க்கும் இதையே காரணமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது இன்னும் உறுதியாகவில்லை. பூச்சுத் துகள் புளோரைட்டை நன்றாகப் பிடிக்கும் என்று காட்டும் சோதனைகள் பல, காய்ச்சி வடித்த நீரில் நடந்தவை. எங்கள் தண்ணீர் அப்படியா? கேத்தலின் அடியைப் பார்த்தால் போதும், வெள்ளையாகப் படிந்திருக்கும். சுண்ணாம்பு கூடிய அந்த வன்னீரிலுள்ள இருகாபனேற்றும், வயலிலிருந்து வரும் பொசுபேற்றும் புளோரைட்டுக்குரிய இடத்தில் போய்க் குந்திவிடும்.

ஆகவே நனோ வடிகட்டி என்று யாராவது கொண்டுவந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்தக் கிணற்றுத் தண்ணீரில் சோதித்தீர்கள்? பூச்சு நிரம்பியதும் காரக் கரைசலால் கழுவுவீர்களே, புளோரைட் முழுதும் இறங்கிய அந்தக் கழுவுநீரை எங்கே ஊற்றப் போகிறீர்கள்?

நன்றி, வணக்கம்.